ஒரே டேக்கில் மொட்டை

மண்டபத்துக்கு இரண்டு தெரு முன்பாகவே பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிடுவார் அண்ணன். அப்பா ஓட்டிய மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் அது. காலையும் மதியமும் பெர்மாஸ் ஜெயா வட்டாரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும். சனிக்கிழமை சாயங்காலங்களில் அண்ணனையும் அவருடைய பாட்டுக் குழுவின் மற்ற மூன்று பேரையும் ஜொகூர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோளில் ஜிகினா. அந்தக் கோலத்தில் நால்வரும் கடைவரிசைகளின் பின்சந்து வழியாக நடந்துபோவார்கள். வாசலில் காத்திருக்கும் பெண்பிள்ளைகள், தான் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிடக்கூடாது என்பது அண்ணனின் கவலை. சாக்கடையைத் தாண்டும்போது கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். இன்றைக்கும் தொலைக்காட்சியில் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சாக்கடைதான்.

அவர்கள் உண்மையாகவே பிரபலமாகத்தான் இருந்தார்கள். அதை மறைத்து எழுதினால் எனக்குப் பொறாமை என்று நினைப்பீர்கள். வானொலியில் பாட்டு வந்தது, ஒலிநாடா விற்றது. வீட்டுத் தொலைபேசியில் பெண்பிள்ளைகள் கூப்பிட்டுவிட்டு, அம்மாவின் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். மற்ற மூவரும் நன்றாகப் பாடினார்கள். அண்ணனுடைய பங்கு பெரும்பாலும் முடிதான். செம்பட்டையாகச் சாயம் ஏற்றி, முன்முடியை ஒரு கண் முழுக்க மறையும்படி இழுத்து விட்டிருப்பார். பாட்டின் நடுவில் தலையை ஒரு வெட்டு வெட்டுவார். மறைந்திருந்த கண் ஒரு நொடி தெரியும். கூட்டம் அலறும். அப்பாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "மத்த கண்ணு எங்கடா, அடகு வச்சிட்டியா?" என்று சாப்பிடும்போது கேட்பார். "சும்மா இருங்க, புள்ள பேரு வாங்குறான்ல" என்று அம்மா அடக்குவார். கேலி செய்தாரே தவிர, அப்பா ஒரு சனிக்கிழமைகூட பஸ்ஸை எடுக்க மறுத்ததில்லை. நிகழ்ச்சி முடியும்வரை இரண்டு தெரு தள்ளி, ஓட்டுநர் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, காற்றில் வரும் சத்தத்தை வைத்தே எந்தப் பாட்டு ஓடுகிறது என்று சொல்லுவார். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் அவரும் இருக்கைகளைத் துடைப்போம். அப்படியும் மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் ஜிகினா ஒட்டிக்கொள்ளும்.

"எங்கள் குழு இயல்பாகக் கலைந்தது" என்று அண்ணன் பேட்டிகளில் சொல்கிறார், ஏதோ பூ உதிர்ந்தது மாதிரி. நடந்தது வேறு. குளுவாங்கில் ஒரு நிகழ்ச்சிக்குப் புறப்பட்டு மற்ற மூவரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வாசலுக்கு வந்து, தொலைக்காட்சி நாடகத்தில் வாய்ப்பு வந்திருக்கிறது, நாளைக்கே கோலாலம்பூரில் இருக்கவேண்டும், இன்று ஆடினால் முகம் களைத்துப்போய் கேமராவில் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா மூவரையும் கொண்டுபோனார். நான்கு பேருக்காகப் பழகிய ஆட்டம் அது. மாற்றிப் பழக நேரமில்லை. அண்ணன் நிற்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அந்த ஓட்டையைச் சுற்றியே மூன்று பேரும் முழு நிகழ்ச்சியையும் ஆடி முடித்தார்கள். அன்றைக்குத்தான் அப்பா முதல்முறையாக மண்டப வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி உள்ளே போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "புள்ளைங்க நல்லா பாடுதுங்க" என்றார். அண்ணன் முகத்தில் தயிர் பூசிக்கொண்டு படுத்திருந்தார்.

நடிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன், தம்போயில் ஒரு குஷன் கடையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவன். ஆனால் பார்க்கத் தெரியும். கையில் மைக் இல்லாததால் அண்ணனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல் நாடகத்தில் வில்லனின் நண்பனாக வந்து, வலது கையை நெஞ்சுக்கு நேரே மடக்கி வைத்துக்கொண்டே கொலை மிரட்டல் விட்டார். சோகக் காட்சி என்றால் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்குவார், உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடிக்கப் போகிறவர் போல. கோபம் வந்தாலும் தலையை வெட்டுவார், காதல் வந்தாலும் அதே வெட்டுதான். இருந்தும் வாய்ப்புகள் வந்தன. பழைய ரசிகைகள் அம்மாக்கள் ஆகியிருந்தார்கள். சாயங்கால நாடகங்களைப் பார்ப்பதும் அவர்கள்தான். வருடங்கள் போகப் போக கதாநாயகனின் அண்ணன் ஆனார், பிறகு பொறுப்புள்ள குடும்பத் தலைவர் ஆனார். குடும்பத்துக்காக உருகும் வேடம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஆகிவிட்டது. அப்பாவைப் பார்க்க அவர் வீட்டுக்கு வந்தது தீபாவளிக்குத்தான். அதுவும் எல்லாத் தீபாவளிக்கும் இல்லை.

ஒரு காலையில் அப்பா பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கிய இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவின் தம்பியான மாமா பெக்கோக்கிலிருந்து வந்து, காரியங்களை முன்னின்று நடத்தினார். அண்ணன் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், தலையில் தொப்பி. சவப்பெட்டியின் அருகே நின்று கண்ணை மூடி முகத்தைத் தூக்கினார். பெண்கள் பக்கத்தில் யாரோ போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

எங்கள் பக்கத்து முறைப்படி தகப்பனுக்கு மூத்த மகன் மொட்டையடித்து, நீர்க்குடம் தூக்கி, கொள்ளி வைக்கவேண்டும். தாய்க்கு இளைய மகன். மூத்தவன் கையால் கொள்ளி வாங்காத மனிதர் நிம்மதியாகப் போய்ச் சேரமாட்டார் என்பது அம்மாவின் அசையாத நம்பிக்கை. வீட்டின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முடி வெட்டுபவர் கத்தியோடு தயாராக இருந்தார். அண்ணன் தொப்பியைக் கழற்றவே இல்லை.

"பாதி ஷூட்டிங் முடிஞ்சிருச்சு மாமா" என்றார். "கண்டினியூட்டின்னு ஒண்ணு இருக்கு. ஒரு சீன்ல முடியோட கதவத் தொறந்துட்டு, அடுத்த சீன்ல மொட்டையோட உள்ள வர முடியாது. கதை என்னாகும்?"

"ஒங்கப்பன் கதை முடிஞ்சிருச்சேடா" என்றார் மாமா.

பக்கத்து வீட்டுக்காரர் சமாதானமாக, "விக்கு வச்சிக்கலாம் லா தம்பி" என்றார்.

"குளோசப்ல தெரிஞ்சிரும் அங்கிள்."

கடைசியில் அண்ணனே ஓர் ஏற்பாடு சொன்னார். பிடரியில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், ஒரு கொத்து மட்டும் வெட்டிக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சமா அண்ணே, கொஞ்சமா" என்றார். மாமா கத்தரியை வாங்கிக் கீழே வைத்தார். "கோயில்ல துன்னூறு கிள்ளிக் குடுக்கிற மாதிரி அப்பனுக்கு முடி கிள்ளிக் குடுக்கிறான். எந்திரிடா. சின்னவன் உக்காரட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு வியர்த்துவிடும். போய் உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் விழுந்தபோது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "மூத்தவன் இருக்கையில சின்னவனா? அவரு எப்படிப் போவாரு?" அதுவரை அழுத அழுகை வேறு, இது வேறு. மின்சுடலையில் நெருப்பு வைக்க வேலையில்லை, பொத்தான்தான். குடத்தை உடைத்துவிட்டு நான் அதை அழுத்தினேன். அப்போது அண்ணன் வந்து என் தோளில் கை வைத்தார். அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது: தம்பிக்கு ஆறுதல் சொல்லும் நடிகர். அதில் என் முகம் தெரியாது, மொட்டைத் தலையின் பின்பக்கம் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் எது பழுதானாலும் அம்மாவுக்கு ஒரே காரணம்தான். குழாய் ஒழுகினாலும், மின்விசிறி சத்தம் போட்டாலும், "அவரு இன்னும் போவல. மூத்தவன் கையால வாங்கல, இங்கயேதான் சுத்திக்கிட்டிருக்காரு" என்பார். சாப்பாட்டில் பாதியில் கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரவெல்லாம் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பதாக என் மனைவி சொல்வாள். நான் குழாயைச் சரிசெய்வேன். மற்றதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அண்ணனிடமிருந்து போனில் ஒரு குரல்பதிவு வந்தது. "தம்பி, அப்பா போட்டோ ஒண்ணு அனுப்புடா. பெருசா, தெளிவா இருக்கணும்." அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போதாவது தகப்பன் நினைப்பு வந்ததே, வீட்டில் மாட்டப்போகிறான் என்று சொல்லிக்கொண்டார். அப்பாவுக்கு என்று இருந்த நல்ல படம், பஸ் ஓட்டும் உரிமத்துக்காக எடுத்ததுதான். அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.

அது எதற்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை சொன்னது. அண்ணன் ஒரு புதிய தொடரில் தகப்பனை இழந்த மூத்த மகனாக நடிக்கிறார், கதாபாத்திரத்துக்காக உண்மையாகவே தலையை மழித்துக்கொண்டிருக்கிறார். 'கலைக்காக என் முடியைக் கொடுத்தேன். அந்தக் காட்சியில் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன், கிளிசரின் தேவைப்படவில்லை' என்று பேட்டி. மறுநாள் கடையில் முதலாளி அந்தப் பக்கத்தை எனக்காக எடுத்து வைத்திருந்தார். "ஒன் அண்ணன் பெரிய ஆளுய்யா. மொட்டை சீனு ஒரே டேக்காம்ல" என்றார். தலைக்கு இரண்டாவது டேக் எங்கிருந்து வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் என் மொட்டையையும் பார்த்தவர்தான். அப்போது, "தொப்பி போட்டுக்க, கஸ்டமர் பயந்துருவான்" என்று சொன்னார்.

தொடர் வந்த சாயங்காலம் அம்மா, நான், மனைவி மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஆற்றங்கரை. முடி விழுவதை முன்னாலிருந்து காட்டினார்கள், பக்கவாட்டில் காட்டினார்கள், மெதுவாக விழவைத்து இசையோடு காட்டினார்கள். எங்களுக்குக் கிடைத்தது பொத்தான். அவருக்கு விறகு அடுக்கி உண்மையான சிதை. அண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். கை இரண்டும் வேலையில் இருந்ததால் அன்று அவர் நடிப்பு சுமாராக இருந்தது என்றுகூடச் சொல்வேன். பிறகு வீட்டுக் கூடத்தைக் காட்டினார்கள். சுவரில் மாலை போட்ட படத்தில் எங்கள் அப்பா. கதையில் அவர் ஒரு கம்பெனி முதலாளி. அதனால் கணினியில் அவருக்குக் கோட்டும் டையும் மாட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை இரண்டு தெரு தள்ளி நிற்கவைத்த அண்ணன், செத்தபிறகு கோட்டு மாட்டி உள்ளே விட்டிருக்கிறார். எனக்கு எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைக்கவேண்டும் போல இருந்தது.

அம்மா இரண்டு கையையும் கூப்பி இருந்தார். கன்னம் நனைந்திருந்தது. "கோட்டு அவருக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "செஞ்சிட்டான்டா. லேட்டானாலும் மூத்தவன் செஞ்சிட்டான்" என்றார்.

"அத்தை, அது நாடகம்" என்றாள் என் மனைவி.

"நாடகம்னா என்னம்மா? விழுந்தது அவன் முடிதானே? படத்துல இருக்கிறது அவங்கப்பாதானே? நெருப்பு எரிஞ்சிச்சா இல்லையா?"

மனைவி என்னைப் பார்த்தாள். அன்றிரவு அம்மா குறட்டை விட்டுத் தூங்கினார். அதற்குப் பிறகு வீட்டில் குழாய் ஒழுகினால், குழாய் ஒழுகுகிறது என்று மட்டும்தான் சொல்கிறார்.

அண்ணனிடம் இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. வெட்கப்படுவார் என்று நினைத்தேன். போனில் கூப்பிட்டு, அம்மா அதை உண்மைக் காரியமாகவே எடுத்துக்கொண்டார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"அம்மா அழுதாங்களா?" என்றார்.

"அழுதாங்க."

"எந்த எடத்துலடா? முடி விழுறப்பவா, கொள்ளி வைக்கிறப்பவா?"

கடையில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கெட்டவன் என்று அவரைச் சொல்லமுடியாது. கெட்டவனாக இருப்பதற்கும் உள்ளே கொஞ்சம் ஆழம் வேண்டும். அப்பா இனாமாகக் கேட்டபோது கொடுக்காததைக் கேமரா கேட்டதும் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூலி வேலை, அவருக்கே தெரியாமல், அம்மாவிடம் பலித்துவிட்டது. நான் உண்மையாக மழித்த தலையால் முடியாததை அவர் பொய்யாக மழித்த தலை செய்துவிட்டது. இத்தனை வருடமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

இப்போது அமாவாசைதோறும் நான் விரதமிருந்து, அப்பாவுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வருவேன். அம்மா அதற்காகக் காத்திருந்து என் போனைக் கேட்பார். அந்தக் காட்சியை யாரோ தனியாக வெட்டி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். முதலில் ஒரு ஷாம்பு விளம்பரம் வரும். அதைத் தள்ளிவிட்டுக் கையில் கொடுப்பேன்.

போன அமாவாசைக்கு அதைப் பார்த்து முடித்தபிறகு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போறப்ப அவனத் தொந்தரவு பண்ணாதீங்க. அவனுக்கு ஷூட்டிங் இருக்கும்."

நான் படையல் இலையை எடுத்து மடித்தேன்.

"எனக்கு எளையவன்தானே. அதுதானே முறை. ஒங்கப்பாவ நெனச்சுத்தான் பயந்தேன். என்னப் பத்தி எனக்கு ஒரு நாளும் பயம் இருந்ததில்ல, நீ இருக்க." பிறகு என் தலையை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு வழுக்கை விழுந்து வருடங்கள் ஆகின்றன. "ஒனக்கு ரொம்ப நேரமும் ஆவாது" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினார்.

"இன்னொருவாட்டி போடு."

போட்டேன்.