பொய்த் தலைவலிக்காரர்கள்

பனியன் கம்பெனியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகாதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கேட்பவர்களுக்குக் கொடூரமாகத் தெரியும். என் நிலைமை அப்படி.

பன்னிரண்டாம் வகுப்பு மார்க் எம்.பி.பி.எஸ். கவுன்சலிங்குக்குப் போதவில்லை. சரி போகட்டும் என்று விலங்கியல் படித்தேன். பட்டம் வாங்கிய பிறகும் ஆசை என்னை விடுவதாக இல்லை. எனக்குத் திறந்திருந்தது ஒரே கதவு. ஒரு மிஷன் மருத்துவக் கல்லூரியில் எழுத்துத் தேர்வு வைப்பார்கள், சபையின் பரிந்துரை கேட்பார்கள், அதற்குப் பிறகு நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். நாங்கள் தெற்கிலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள் என்பதால் பரிந்துரைக்குப் பஞ்சமில்லை. எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டேன். நேர்காணலில்தான் மாட்டிக்கொண்டேன்.

"நோயாளிகளுக்காக இதுவரை என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டார்கள்.

"கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்பத்திரி வார்டுகளில் பாட்டுப் பாடியிருக்கிறேன்" என்றேன்.

"கேட்டவர்களுக்குக் குணமாயிற்றா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். வெளியே வந்த பிறகு, குழுவில் இருந்த ஒரு பெண் டாக்டர் வராந்தாவில் என்னை நிறுத்திப் பேசினார். "நீ நன்றாகப் படிக்கிற பெண். ஆனால் உன் விண்ணப்பத்தில் ஒரு மனிதரும் இல்லை. யாரையாவது தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் வா" என்றார். திருப்பூர் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அந்தக் கோபம் நல்லதாகப் போயிற்று.

அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றபடி பார்க்கும் வேலை. அங்கே ஒரு முதலுதவி அறை இருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்கள் ஆடிட் என்று சோதனை போட வரும் நாட்களில் அதன் கட்டிலில் வெள்ளை விரிப்பு ஏறும். மற்ற நாட்களில் சூப்பர்வைசர்களின் டிபன் கேரியர்கள் அதில் படுத்திருக்கும். அந்த அறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஆடிட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். அம்மா மேனேஜரிடம் பேசினாள். முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு அந்த வேலையில் சேர்ந்தேன். பிரஷர் பார்க்கும் கருவிகூட அங்கே இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவின் கையில் அதைக் கட்டிக் கட்டிப் பழகினேன். "ஏட்டி, என் கைய விட்டுரு, தோசை ஊத்தணும்" என்று அவள் கெஞ்சும் அளவுக்குப் பழகினேன்.

எல்லாம் தயார். ஆனால் யாரும் வரவில்லை.

வர மாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே பல வாரங்கள் ஆயின. டெய்லர்களுக்கு பீஸ் ரேட். தைத்த பீஸுக்குத்தான் கூலி. மிஷினை விட்டு எழுந்தால் வருமானம் போச்சு. விரலில் ஊசி ஏறினால் பிடுங்கி எறிந்துவிட்டு, கீழே கிடக்கும் பனியன் துணியில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த பீஸை எடுப்பார்கள். நான் மருந்துப் பெட்டியோடு லைனுக்கே ஓடினால், "அக்கட்டப் போ கண்ணு, வெளிச்சத்த மறைக்காத" என்று செல்லமாக விரட்டுவார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். திரும்பி வந்து காலிக் கட்டிலின் எதிரே உட்கார்ந்துகொள்வேன். அடுத்த நேர்காணலில் எதைச் சொல்வது? கட்டிலை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்றா?

இந்தக் கவலையை வீட்டில் அம்மாவிடம் கொட்டினேன். அவள் மறுநாள் டீ நேரத்தில் கம்பெனி முழுக்கக் கொட்டிவிட்டாள்.

"எம்மவளுக்கு டாக்டர் சீட்டு கெடைக்கணும்னா யாருக்காவது நோக்காடு வரணுமாம்ல. இங்க எல்லாரும் கல்லு மாரி இருக்கிய. அவ என்ன செய்வா?"

எனக்கு இது தெரியாது. அடுத்த நாள் காலை, அயனிங் செக்ஷன் அண்ணன் ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவர் பின்னால் ஒரு டெய்லருக்குத் தலைவலி. அவர் போனதும் பேக்கிங்கிலிருந்து இரண்டு பெண்கள், இருவருக்கும் ஒரே மாதிரி முதுகு வலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களின் நாடி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், என்ன சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்று விசாரித்தேன். ஏதோ ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது என்றுகூட நினைத்துவிட்டேன். குட்டு உடைந்தது ஒரு டெய்லர் அண்ணனால். "தலைவலி எந்தப் பக்கம் அண்ணா?" என்று கேட்டேன். அவர் வாசலில் காத்திருந்த தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்து, "எந்தப் பக்கம்டா சொல்றதா இருந்தோம்?" என்றார்.

நேரே அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவள் கையில் இருந்த பீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாட்டி, சொன்னேன். வந்த ஆள ஒழுங்காப் பாரு, போ" என்றாள்.

எனக்கு மானம் போனது. அதே நேரத்தில் நெஞ்சு நிறைந்தும் போனது. ஒவ்வொருவரும் மிஷினை நிறுத்திவிட்டு, கூலியை விட்டுவிட்டு, எனக்காக நோயாளியாகிக்கொண்டு இருந்தார்கள். "உங்க வேலை கெடுது, போங்க அண்ணா" என்று நான் சொன்னால், "ஒரு பத்துப் பீஸு போனாப் போச்சாது. நல்லாப் பாரு கண்ணு" என்று கையை நீட்டுவார்கள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மறுக்கிற வசதியும் எனக்கு இல்லை.

அப்படித்தான், ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைக்கும் அக்கா ஒருவர் வந்தார். சேவூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் தினமும் வருகிறவர். வாய் நிறையச் சிரிப்பு. "ஐயோ, வயித்து வலி தாங்கலயே" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "வயிறு இன்னும் கொஞ்சம் கீழே இருக்குக்கா" என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.

முள் இருநூறுக்கு மேலே நிற்கும்போதே ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்பு கேட்க ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் நான் அதுவரை கேட்டதே இல்லை. கருவி கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அதைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்து, "சார், கையை நீட்டுங்க" என்றேன்.

"எனக்கென்னங்கம்மா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். கருவிக்குத்தான் சந்தேகம்."

அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. திரும்ப ஓடி வந்து, அக்காவைப் படுக்க வைத்து, சிறிது நேரம் பொறுத்து மறுபடி பார்த்தேன். அதே உயரத்தில் அதே துடிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"அட, எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா சொன்னேன். உனக்கோசரம் வந்தேன்."

"தெரியும்க்கா. இருந்தாலும் போகணும்."

"பண்டல் அப்படியே கெடக்குது. லைன் சூப்பர்வைசர் கத்துவாரு."

நான் கத்திய கத்தலில் மேனேஜரே எழுந்து வந்துவிட்டார். என்ன நடந்தது, யார் யார் எதற்கு வந்தார்கள் என்று எல்லாவற்றையும் அவரிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். வேலை போனது என்றுதான் நினைத்தேன். அவர் வேனை எடுக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "பிரஷர் இவ்வளவு ஏறினாலும் வலி எதுவும் தெரியாதும்மா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஒரு பக்கம் கைகால் இழுத்திருக்கும்" என்றார். வலி இல்லாத ஒருவர் மிஷினை விட்டு எழுந்து என் அறைக்கு வர ஒரு காரணமும் கிடையாது. பொய் சொல்வதற்காகத்தான் வந்தார்.

மறுநாள் மேனேஜர் என் அறைக்கு வந்தார். "எல்லாத்தையும் வரிசையாப் பாத்துருங்கம்மா. பொய்யா வந்தாலும் செரி, நெசமா வந்தாலும் செரி. அந்த நேரத்துக்குக் கூலிய நான் போடச் சொல்றேனுங்க" என்றார். அப்படி எல்லோரையும் பார்த்ததில் இதே மாதிரி பிரஷரோடு இன்னும் சிலர் அகப்பட்டார்கள். ஓவர்லாக் அக்காவுக்கு மட்டும் என்மேல் தீராத கோபம். "நல்லா இருந்தவள நோயாளி ஆக்கிப்போட்டயே" என்று பார்க்கும்போதெல்லாம் திட்டுவார். காலையில் நான் பிரஷர் பார்த்தால்தான் மாத்திரையை வாயில் போடுவார். நான் பார்க்காத நாளில் போட மாட்டார். அவரிடம் சண்டை போட்டுப் போட்டே எனக்குப் பாதி வைத்தியம் தெரிந்தது.

அடுத்த வருஷம் அதே நேர்காணல். அதே பெண் டாக்டரும் இருந்தார். அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார்.

"அறிகுறியே இல்லையென்றால் அந்தப் பெண் உன்னிடம் ஏன் வந்தார்?"

எல்லோரையும் பரிசோதிப்பது வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் சீட்டு கிட்டத்தட்ட என் கையில். உண்மையைச் சொன்னால், ஆள் சேர்த்து நாடகம் நடத்தினாள் என்று எழுதிவிட்டு அனுப்பிவிடலாம். அப்போது எனக்கு லைனில் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்த அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களை மறைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது?

"எனக்காகப் பொய் சொல்ல வந்தார் சார். எல்லோருமே அப்படித்தான் வந்தார்கள். எனக்கு நோயாளிகள் இல்லாமல் சீட்டு கிடைக்காது என்று அம்மா சொல்லிவிட்டாள்."

அந்தப் பெண் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "போகலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முடிவு வரும் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். மேனேஜர் கூப்பிட்டு அனுப்ப, அம்மா வந்தாள். "ஏட்டி?" என்றாள். "கெடச்சிட்டும்மா" என்றேன். போனை யாரோ பிடுங்கினார்கள். ஓவர்லாக் அக்காவின் குரல் கேட்டது. பின்னால் ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது.

"நெசமாவா கண்ணு?"

"நெசம்தான்க்கா. உங்களாலதான் கெடச்சுது."

அவரும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தார். பிறகு திடீரென்று குரல் இறங்கியது. "அப்ப, எனக்கு இனி யாரு கண்ணு பிரஷர் பாப்பா?"

பட்டியலைப் பார்த்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. டாக்டர் ஆவதற்கு முன்பே எனக்கென்று ஒரு நோயாளி இருந்தார். அவரை விட்டுவிட்டுத்தான் நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்பது அவர் கேட்கும்வரை எனக்கு எட்டவே இல்லை. பூத்துக்காரர் பார்க்கிறார் என்பதையும் மறந்து விம்மினேன்.

"அழுவாத அம்மிணி" என்றார் அக்கா. "நீ போயிப் படிச்சுப்போட்டு வா. அதுவரைக்கும் நா மாத்திரயத் தின்னுட்டு உசுரோட கெடக்கறேன்."

சொன்னபடியே இருந்தார்.