சும்மா நின்ற லீவர்

மயிலிட்டிக் கரையில் எங்கள் வள்ளத்தை கடலிலிருந்து மணலில் இழுத்து ஏற்றுவது, நான்கு சில்லும் சுழன்று இழுக்கும் என் பழைய கார்தான். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் உண்டு. அதைப் போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும்.

கியர்பொக்ஸ் உடைந்து, கராஜில் வேறொன்று மாற்றி எடுத்துவந்த அன்று சின்ன லீவரைப் போட்டும் வள்ளம் அசையவில்லை. ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன். புதிதாகப் பூட்டிய பெட்டியில் அந்த லீவருக்கு இணைப்பே இல்லை. கண்துடைப்புக்கு நிறுத்தியிருந்தார்கள்.

நேரே கராஜுக்கு ஓட்டி, அந்த லீவரைக் காட்டினேன்.

"அக்கா, கடைக்குப் போய்வர உது ஏன் உங்களுக்கு?" என்று மெக்கானிக் சிரித்தார்.

"வள்ளம் இழுக்கிறது நான். சரியான பெட்டியைப் பூட்டித் தாங்கோ. அதுவரைக்கும் கார் உங்கடை வாசல் கேற்றை மறிச்சுத்தான் நிக்கும்."

காரைக் கேற்றடியில் விட்டுப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

பெட்டி வந்தது. வள்ளமும் ஏறியது. எனக்கு எது தேவையில்லை என்று முடிவுசெய்ய, அதன்பின் நான் எவரையும் விட்டதில்லை.