சட்டைக்கு மேல் கட்டிய கஃப்

பி.பி. பார்ப்பதற்கு முன் சட்டைக் கையைச் சுருட்டிவிட வேண்டும் என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவோம். வார்டில் பாதிப் பேர் சட்டைக்கு மேலேயே கஃப் என்கிற காற்றுப் பட்டையைக் கட்டுவோம். நானும் கட்டியிருக்கிறேன். அதில் ஒருமுறை என்ன ஆனது என்பதை நர்சிங் மாணவிகளுக்காக எழுதுகிறேன். படிக்கும்போது என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் நான் சேர்ந்த முதல் வாரம். மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் கிரேன் ஓட்டிய கருப்பையா அண்ணன் வாரம் மூன்று நாள் மனைவி மலரோடு வருவார். அவருடைய இடது கையில் ஃபிஸ்டுலா இருந்தது. தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகவே செய்து வைத்த இடம் அது. விரல் வைத்தால் உள்ளே ரத்தம் பாயும் அதிர்வு தெரியும். அதற்கு த்ரில் என்று பெயர். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, வேறு ஊசி போடக் கூடாது, எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்து ஊரில் ஆளாளுக்கு விசாரிப்பதால் அண்ணன் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவார்.

அன்று டயாலிசிஸ் முடிந்து கிளம்பும்போது தலை சுற்றுகிறது என்று ஓரக் கட்டிலில் படுத்துவிட்டார். வலது கை சுவர்ப் பக்கம், இடது கை என் பக்கம். எந்தக் கையில் ஃபிஸ்டுலா என்று நான் கேட்கவும் இல்லை, எனக்கு அவசரம். சட்டைக்கு மேலேயே கஃப்பைச் சுற்றிக் காற்றடித்தேன். முதல் தடவை சத்தம் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். 90/60. காலைத் தூக்கி வைத்ததும் அரை மணி நேரத்தில் தெளிந்து, "வாரேன் சிஸ்டர்" என்று கிளம்பிவிட்டார்.

சார்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் மேலே சிவப்பு மையில் இருந்தது கண்ணில் பட்டது: இடது கையில் பி.பி. பார்க்கக் கூடாது. யாரும் பார்க்கவில்லை. 90/60, வலது கை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இந்த வரியை எழுத இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

டீ வந்தது, அப்படியே ஆறியது. பி.பி. குறைந்திருக்கும்போது இப்படி அழுத்தினால் ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். சார்ட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டார்கள்.

"அண்ணே, இடது கையத் தொட்டுப் பாருங்க. ஓடுதா?"

"பஸ்ஸே அதிருது சிஸ்டர். எது கை, எது பஸ்ஸுன்னு தெரியல."

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் பாருங்கண்ணே. அவசரம்."

ஒத்தக்கடையில் இறங்கினார்கள். போனில் லாரிச் சத்தம். "மலரு, நீயும் வச்சுப் பாரு" என்று அண்ணன் சொல்வது கேட்டது. பிறகு மலர் அக்காதான் பேசினார்.

"ஓடல சிஸ்டர். காதையும் வச்சுப் பாத்துட்டேன். சத்தமே இல்ல."

"ஆட்டோ புடிச்சுத் திரும்பி வாங்கக்கா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அந்தக் கையில பி.பி. பாத்துட்டேன்."

அடுத்து இன்சார்ஜ் சிஸ்டர் ஜெயராணியிடம் போனேன். சார்ட்டில் எழுதிய பொய்யையும் சேர்த்தே சொன்னேன்.

"எத்தன தடவ காத்தடிச்ச?"

"ரெண்டு, சிஸ்டர்."

"முதல்ல சர்ஜனுக்குப் போன் போடு. ஒன்னத் திட்டுறத நாளைக்கு வச்சுக்கிறேன்."

சார்ட்டை என் முன்னால் வைத்தார். தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுதி, நேரமும் கையெழுத்தும் போடச் சொன்னார். கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்.

ஆட்டோவில் வந்து இறங்கியதும் மலர் அக்கா, "நீ அவுக பக்கமே வராத" என்றார். நியாயம்தானே. சர்ஜன் உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப்போய் ரத்தக்கட்டியை அகற்றினார். இரவு விட்டிருந்தால் அந்த ஃபிஸ்டுலா போயிருக்கும், கழுத்தில் டியூப் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்திருக்க வேண்டும் என்றார்.

இன்சார்ஜ் சிஸ்டர் மறுநாள் வாக்குத் தவறாமல் திட்டினார். கருப்பையா அண்ணனின் கட்டிலை எனக்குத் தரக் கூடாது என்று டியூட்டியையும் மாற்றினார். அடுத்த டயாலிசிஸுக்கு அண்ணன் வந்தபோது நான் தூரத்து மிஷினில் நின்றிருந்தேன்.

"அந்தப் பிள்ள எங்க சிஸ்டர்? அதையே வரச் சொல்லுங்க" என்று அண்ணன் கேட்டது யூனிட் முழுக்கக் கேட்டது. "அது சொல்லாம விட்டிருந்தா நான் பாட்டுக்கு வீட்டுல படுத்துத் தூங்கியிருப்பேன்."

கூசிக் கூசிப் போனேன். மலர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அண்ணனின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, என் விரல்களைப் பிடித்து அந்த நரம்பின் மேல் வைத்தார்.

"ஓடுதா, நீயே பாத்துச் சொல்லு."

ஓடியது. அழுதுகொண்டே சொன்னேன், "ஓடுதுக்கா."

"அப்ப ஊசியப் போடு" என்றார்.