குதுப்மினார் பார்த்துவிட்டு வாங்க!

போன வாரம் ஒரு டூரிஸ்ட் கம்பெனி ஆள் சண்முகவேல் அண்ணாச்சியின் பாத்திரக் கடைக்கு வந்தார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். கையில் வழவழ நோட்டீஸ். டெல்லி, ஆக்ரா, ஹரித்வார்... ஏ.சி. பஸ், நம்ம ஊர்ச் சாப்பாடு, ரூமில் வெந்நீர். தலைநகரத்தை ஆயுசில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

அண்ணாச்சி நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பாத்தாச்சு தம்பி. ஒண்ணு பாக்கியில்ல" என்று அவரிடமே கொடுத்துவிட்டார்.

ஆள் என் பக்கம் திரும்பினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? பிழைப்பு. ஆனால் டெல்லி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும். ஏன் என்று கேட்கிறீர்களா? இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது அண்ணாச்சிக்குப் பாத்திரக் கடை கிடையாது. கோவில்பட்டிக்கு வெளியே சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். (எங்கள் ஊரில் தீப்பெட்டிக்குத் தொழிற்சாலை கிடையாது, ஆபீஸ்தான்!) புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் வேன் நிறையப் பெண்கள் வருவார்கள். மழை பெய்தால் அவர்களுக்குப் பருத்திக் காடு, உளுந்தங்காடு. பெய்யாவிட்டால் தீப்பெட்டி. எங்கள் கரிசலில் பெய்யாத வருஷம்தானே ஜாஸ்தி?

அந்த நேரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கையால் செய்கிற பெட்டிக்கு இருக்கிற வரிச் சலுகையை எடுக்கப் போகிறார்கள், மெஷின் பெட்டிக்கும் கைப்பெட்டிக்கும் இனி ஒரே வரி என்று. அப்படி வந்தால் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் மெஷினோடு மல்லுக்கட்ட முடியாது. ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். வேன் நின்றுவிடும்.

சின்ன முதலாளிகள் கூடிப் பேசினார்கள். டெல்லிக்கே போய் மந்திரி கையில் மனுவைக் கொடுப்பது என்று முடிவு. போவது அண்ணாச்சி. இங்கிலீஷ் பேசத் துணைக்கு நான்.

அண்ணாச்சி மனுவை நம்பவில்லை. பெட்டியைத்தான் நம்பினார். நாலைந்து பெட்டிகளைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். "காயிதத்த எவன் சார் படிக்கான்? பெட்டிய அவிய கையில குடுத்து ஒரு குச்சியக் கிழிச்சிக் காமிச்சாப் போதும்" என்றார். கூடவே கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட். வெறுங்கையோடு போகலாமா?

டெல்லியில் மந்திரிக்கு ஒரு உதவியாளர் இருந்தார். தமிழர்தான். மந்திரியைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லியிருந்தவர். கடலைமிட்டாயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனுவைத் தொடவில்லை. மந்திரி இன்றைக்கு ரொம்ப பிஸி என்றார். அப்புறம் ஒரு சிரிப்பு.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. குதுப்மினார் பார்த்துட்டு வாங்களேன்!"

பார்த்தோம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். மறுநாள் போனால் மந்திரி மீட்டிங்கில். எங்களுக்குச் செங்கோட்டை. அதற்கடுத்த நாள் மந்திரிக்கு உடம்பு சரியில்லை. எங்களுக்கு இந்தியா கேட். உதவியாளரிடம் மந்திரியைக் காட்டத்தான் வழியில்லை, ஊரைக் காட்ட ஏகப்பட்ட வழி இருந்தது.

இந்தியா கேட்டில் ஐஸ்கிரீம் விற்றார்கள், அந்தக் குளிரிலும்! ஜனங்கள் வாங்கித் தின்றார்கள். அண்ணாச்சி வேட்டிக்கு மேல் கம்பளிச் சட்டை, தலையில் துண்டு என்று நடுங்கிக்கொண்டு புல்வெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. "இவ்வளவு புல்லுக்கு எவன் தண்ணி ஊத்துதான் சார்?" என்றார். மாட்டுக்குக்கூட இல்லையாம், சும்மா பார்ப்பதற்காம் என்றேன். அவர் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

செங்கோட்டையில் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கி உழுதுவிட்டான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். இதை மட்டும் எப்படி விட்டான் என்று கேட்டார். இங்கேயும் உள்ளே நிறைய இடித்திருக்கிறான் என்றேன். "வாசல விட்டுருக்கான்லா" என்றார். அது என்னவோ வாஸ்தவம். டெல்லியில் வாசல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். சாந்தினி சவுக்கில் பராட்டா பிரமாதம் என்று உதவியாளர் சொல்லியிருந்தார். சந்துக்குள் சந்து புகுந்து போனோம். நெய்யில் பொரித்து, கூட ஊறுகாயும் உருளைக்கிழங்கும் வைத்தார்கள். அண்ணாச்சி இலை கேட்டார், இல்லை. சால்னா கேட்டார். அதுவும் இல்லை. சால்னா இல்லாமல் எதற்குய்யா பரோட்டா? கரோல்பாக்கில் ஒரு தமிழ் மெஸ்ஸைத் தேடிக் கண்டுபிடித்தோம். அங்கே சாம்பாரில் வெல்லம்! எனக்கு அழுகையே வந்தது.

அந்த மெஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அடுப்போரத்தில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. தீப்பெட்டிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஊரில், எவன் வீட்டில் பெட்டியைப் பார்த்தாலும் எடுத்துத் திருப்பி, லேபிள் பார்த்து, ஒரு குச்சியைக் கிழித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். கல்யாண வீட்டில் கிழிப்பார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டிலும் கிழிப்பார்கள். அண்ணாச்சி எடுத்தார். திருப்பினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெட்டி! அவர் ஆபீஸுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவர் பெட்டி! டீக்கடைக்காரரிடம் அதைக் காட்டிக் காட்டித் தமிழில் என்னென்னவோ சொன்னார். அந்த மனுஷன் இன்னொரு டீ கேட்கிறார் என்று நினைத்து ஊற்றிக் கொடுத்தார். அதையும் குடித்தோம்.

பெட்டி டெல்லிக்குள் வருவதற்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை பாருங்கள்.

கடைசியில் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. மத்தியானம் உதவியாளர் லாட்ஜுக்குப் போன் செய்தார். மந்திரி சாயங்காலம் வெளிநாடு போகிறார், உடனே வந்தால் ரெண்டு வார்த்தை பேசலாம். ஆட்டோவில் பறந்தோம். அண்ணாச்சி வழியெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலில் காவலர் பையைத் துழாவினார். துண்டுச் சுருளைப் பிரித்தார். தீப்பெட்டிகள். "யே க்யா ஹை?" என்றார், இது என்ன என்று. நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன்... சாம்பிள், மனு, சிறு தொழில் என்று. அவருக்கு இங்கிலீஷ் வராது. மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை குரல் ஏறியது.

"தீப்பெட்டின்னா நம்ப மாட்டேங்கான் சார்" என்றார் அண்ணாச்சி. அடுத்த நொடி ஒரு பெட்டியை எடுத்து, காவலர் முகத்துக்கு நேராக ஒரு குச்சியைக் கிழித்தார்!

எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. அதுதான் அறிமுகம். பெட்டி நல்ல பெட்டி, ஆள் நல்ல ஆள் என்று சொல்லுகிற முறை. மந்திரி வாசலில் அதற்கு வேறு பெயர். விசில் ஊதினார்கள். துப்பாக்கியோடு ரெண்டு பேர் ஓடி வந்தார்கள். பக்கத்து அறையில் பெஞ்சில் உட்காரவைத்து, பெயர் என்ன, ஊர் என்ன, எதற்கு வந்தாய் என்று மாறி மாறிக் கேட்டார்கள். கோவில்பட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. உதவியாளர் வந்து எங்களை மீட்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே சிவப்பு விளக்கு வைத்த கார் ஒன்று சர்ரென்று போனது. அண்ணாச்சி எழுந்து நின்று அதைக் கும்பிட்டார்.

கும்பிடுகிற கையைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. முடியவில்லை. மனுவை நான் அனுப்பிவைக்கிறேன் என்று உதவியாளர் அப்போதுதான் முதல் தடவையாக வாங்கிக்கொண்டார். எங்கே அனுப்பினாரோ!

பிறகென்ன? சலுகை போனது. அண்ணாச்சி கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆபீஸைப் பூட்டினார். புதூர் வேன் நின்றது. அந்தப் பெண்களில் பாதிப்பேர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி பாத்திரக் கடை வைத்தார். அங்கே கேஸ் அடுப்புக்கு லைட்டரும் விற்கிறார். டிக்கென்று அமுக்கினால் பொறி வரும், தீப்பெட்டியே வேண்டாம். வாங்குகிறவர்களுக்கு அவரே அமுக்கிக் காட்டுகிறார். நான் பார்த்தும் பாராதது போல இருந்துவிடுவேன்.

அந்தச் சாயங்காலத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எங்களை வெளியே விட்டபோது நல்ல பனி. அதே காவலர் டூட்டி முடிந்து ரோட்டோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கையில், எங்களிடம் பிடுங்கிய எங்கள் பெட்டி.

நான் திட்ட வாயெடுத்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்தார்.

"ஒரே கிழியில பத்துச்சான்னு மட்டும் கேளுங்க சார்."

சைகையில் கேட்டேன். காவலர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

தலைநகரத்தில் எங்கள் தொழிலைப் பரிசீலித்தது அவர் ஒருவர்தான்!