பஸ் ஏற்றிவிட்டவர்

நர்ஸம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அவருடைய கணவரை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குத் தொழில் தையல். கடைக்குப் பெயர்ப்பலகையெல்லாம் உண்டு. அதை யாரும் படித்ததாகத்தான் தெரியவில்லை. “சிஸ்டர் வீட்டுக்காரர் கடை எது?” என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். வந்து, பேன்ட்டுக்கு அளவு கொடுக்கும்போதே முட்டிவலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று அவரிடமே விசாரிப்பார்கள்.

பக்கத்தில் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் சாவுச் செய்தி வந்ததிலிருந்து அவள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரிட்டயராகி வீட்டில் இருந்த அம்மாவை வெள்ள முகாமுக்குப் பெட்டி கட்டி அனுப்பியவர் அவர். முகாமில் பரவிய காய்ச்சல், வைத்தியம் பார்க்கப் போனவரையே கொண்டுபோய்விட்டது.

மேடையில் பெரிய டாக்டர் ‘தியாகம்’ என்ற சொல்லை விட்டு நகருவதாக இல்லை. சிஸ்டர் அப்படி எதைத் தியாகம் செய்தார் என்று தையல்காரர் யோசித்துப் பார்த்தார். வீட்டில் ஃபேனுக்கு நேர்கீழே இருக்கும் இடத்தைக்கூட அவர் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. தியாகம் செய்ததெல்லாம் வீட்டில் இருந்தவர்கள். அதுவும் மனமுவந்து செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

உலகத்தின் எந்த மூலையில் பூமி ஆடினாலும் தையல்காரர் வீட்டுப் பரண்மேலிருந்து ஒரு பெட்டி இறங்கும். வெள்ளம், புயல், சண்டை, கொள்ளைநோய், எதுவானாலும் சரி, ஆள் வேண்டுமென்றால் சிஸ்டர் முதலில் கை தூக்கிவிடுவார். கல்யாணமான புதிதில் தையல்காரரைப் போல வானிலை அறிக்கையைப் பயபக்தியோடு கேட்ட மாப்பிள்ளை வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒருமுறை அவருக்கே குடல்வால் வீங்கி, சிஸ்டர் வேலை பார்த்த அவசரப் பிரிவிலேயே கொண்டுவந்து போட்டார்கள். அவர் போட்ட கூச்சலில் வார்டு கிடுகிடுத்தது. சிஸ்டர் வந்தார், ஒரு பார்வை பார்த்தார், அவரைத் தாண்டிப் போய் அடுத்த கட்டிலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த லாரி டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏய், நான் உன் புருஷன்டி!”

“தெரியுது. கத்துறீங்கல்ல, உங்களுக்குத் தெம்பு இருக்கு. சத்தமே போடாதவங்களத்தான் முதல்ல பாக்கணும். கொஞ்சம் பொறுங்க.”

லாரி டிரைவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது தையல்காரரிடம் வந்து நன்றி வேறு சொன்னார். ஆபரேஷன் புண் ஆறிய பிறகும் அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

ஆகவே மனைவி ரிட்டயராகும் நாளுக்காக அவர் தவம் கிடந்தார். இனி எங்கேயும் போவதில்லை என்று சத்தியமே வாங்கிக்கொண்டார். சிஸ்டரும் சொன்ன சொல் தவறாமல் வீட்டில் இருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

வந்த வேகத்தில் வீட்டை வார்டாக்கிவிட்டார். போர்வையை மெத்தைக்கடியில் அவர் இழுத்துச் செருகிய செருகலில், உள்ளே கால் நுழைக்கத் தையல்காரர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மத்தியானம் கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்பி, நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று கேட்டார். மளிகைக்கடைக்காரர் சிஸ்டரைக் கண்டால் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் நாக்கை நீட்டச் சொல்வார். தையல்காரர் தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார். ஆனாலும் உள்ளூர அவருக்குச் சந்தோஷம்தான். மனைவி வீட்டில் இருக்கிறாள், தன்னைத்தான் பாடாய்ப்படுத்துகிறாள்.

பிறகு அந்தப் பாடு குறைய ஆரம்பித்தது. போர்வை தொளதொளவென்று கிடந்தது. காதருகே தும்மினாலும் சிஸ்டர் திரும்பவில்லை. வெள்ளச் செய்தி வந்த அன்று டிவியை அணைத்துவிட்டு, சமையலறையில் போய்ச் சும்மா நின்றார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லங்க.”

மறுநாளும் அதே ஒண்ணுமில்லைதான். சண்டைக்கு வந்திருந்தால் தையல்காரர் மல்லுக்கு நின்றிருப்பார், சத்தியத்தைச் சொல்லிக்காட்டி ஜெயித்தும் இருப்பார். சத்தமே போடாதவளை என்ன செய்வது? அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியைத் தானே இறக்கினார்.

“கிளம்பு.”

“உங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேனே?”

“என்கிட்டதான பண்ணின? நானே சொல்றேன், போ.”

ஒப்புக்காவது ஒரு முறை மறுப்பார் என்று தையல்காரர் நினைத்தார். அதற்குள் சிஸ்டர் பாதிப் பெட்டியை அடுக்கிவிட்டார்.

கூட்டத்தில் தையல்காரரையும் பேசக் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். சனம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்.

“ஏம்ப்பா அனுப்புனீங்க? நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா அம்மா இப்ப உயிரோட இருந்திருப்பாங்க.”

“இருந்திருப்பா.”

அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து அவள் பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அத்தனையும் வீணாகப் போனதில் அவளுக்கு அழுகைதான் வந்தது.

“போகும்போது ஏதாவது சொன்னாங்களா? என்னைப் பத்தி?”

அவள் என்ன கேட்க ஆசைப்படுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு பொய் சொல்லிவிடலாம். ஆனால் மேடையில் இருந்தவர்கள் அன்றைக்குப் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள்.

“ஒண்ணும் சொல்லலம்மா. பஸ்ல ஏறினா. ஜன்னலோர சீட்டுக்காக ஒருத்தரோட மல்லுக்கு நின்னா. உக்காந்ததும் பக்கத்து சீட்டுப் பொம்பளையைக் கையை நீட்டச் சொல்லி நாடி பாக்க ஆரம்பிச்சுட்டா. நான் கீழ நின்னு கையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். பஸ்ஸும் போயிருச்சு. திரும்பியே பாக்கல.”

“ஒரு தடவை கூடவா?”

“ஒரு தடவை கூட. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.”

மகளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“உங்களுக்குக் கோவம் வரலையாப்பா?”

“வராம? இன்னும்தான் இருக்கு.” தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் பயனில்லை, நனைந்திருந்தது கண்ணாடி இல்லை. “ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா, எறங்குடின்னு சொல்லியிருப்பேன்.”