அம்மன் மேடையில் கொடுத்த வாக்கு

மூன்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பேச்சில் அவர்களை ஒய்.பி. என்போம். கடைவரிசையின் மேல்மாடியில் இருக்கும் சேவை மையத்தில் கடிதம் தட்டுவது, வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது, ஒய்.பி. மறந்ததை நினைவூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. முதலாமவர் நல்ல மனிதர், ஆனால் கழுத்தில் மாலை விழுந்துவிட்டால் வந்தது கல்யாண வீடா சாவு வீடா என்பதையே மறந்துவிடுவார். இரண்டாமவர் எதைக் கேட்டாலும் 'பார்த்துக்கலாம்' என்பார். கடைசிவரை எதையும் பார்க்கவில்லை. இத்தனை பேரைப் பார்த்துவிட்டதால், ஒருவர் மேலே போகத் தகுந்தவரா என்று கேட்டால் நான் பட்டென்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

மூன்றாமவருக்கு வந்தபோது முப்பத்துமூன்று வயது. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்தவர். முதல் மாதத்திலேயே அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன். வயதானவர்களைத் தன் காரிலேயே சமூகநல அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். வரிசையில் அவர்களோடு நிற்பார். மலாயில் பேச ஆரம்பித்தால் அதிகாரிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். இரண்டே வருடத்தில், இவரை நாடாளுமன்றத்துக்கு நிறுத்தலாம் என்று கட்சியில் பேச்சு வந்தது. கட்சியின் தொகுதித் தலைவர் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, கூடவே இருக்கறது நீங்கதான். பையன் ரெடியா? சனிக்கிழமை நான் பேரு குடுக்கணும்லா. நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு குடுத்துடுவேன்."

வேறு சமயமாக இருந்தால் அந்த நொடியே ஆமாம் என்றிருப்பேன். "சனிக்கிழமை காலையில சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். முந்தைய நாள்தான் ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தாள்.

அவள் எங்கள் தொகுதியில் இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தைச் சேர்ந்தவள். தோட்டத்தை விற்கப் போகிறார்கள். தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வரிசை வீடுகளில் மிச்சம் இருக்கும் குடும்பங்கள், வீடு நிற்கும் நிலத்தையாவது எங்களுக்கே கொடுங்கள் என்று மனு போட்டிருந்தன. மனுவை நில அலுவலகத்துக்குக் கொண்டுபோனவர் எங்கள் ஒய்.பி.தான். பதில் சித்திரை மாதத்தில், தோட்டத்துக் கோயில் திருவிழாவன்று காலையில் வந்தது. கடிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். பரிசீலிக்க இயலாது என்று இரண்டு வரி. அவர் இரண்டு முறை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"திருவிழா அன்னிக்குப் போயி இத எப்படிக்கா சொல்றது? அடுத்த வாரம் பேசிக்கலாம்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் அவருக்குத் திருநீறு பூசி, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் திட்டம். கூட்டம் கைதட்டியது. அவர் இன்னொரு வாக்கியம் பேசினார், இன்னும் கைதட்டினார்கள். கடைசியில், "இந்தத் தீபாவளிக்கு நீங்க எல்லாரும் உங்க சொந்த வீட்டுல விளக்கேத்துவீங்க" என்று சொல்லிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் கைதட்டினேன். அடுத்த வாரமும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

டவுனில் மேடையில் பேசுவது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. தோட்டத்தில் அப்படியில்லை. நெற்றியில் திருநீறோடு, அம்மன் சந்நிதிக்கு முன்னால் நின்று ஒருவர் சொன்னால் அது பேச்சு இல்லை, சத்தியம். நான் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள், ஆனாலும் தோட்டத்தில் பிறந்தவள், எனக்கு அது தெரியும். டவுன் பக்கம் புக்கிட் காத்தில் என்ற தாமான் குடியிருப்பில் வளர்ந்த ஒய்.பி.க்கு மைக் என்றால் வெறும் மைக்தான்.

அந்தப் பெண் குருபோங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை செய்கிறாள். கணவன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். குறைந்த வாடகை அடுக்குமாடி வீட்டுக்கு வருஷக்கணக்காக எழுதிப்போட்டுக் காத்திருந்திருக்கிறாள். திருவிழா முடிந்த மறுவாரம் வீடு கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்திருக்கிறது. கெடுவுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போகவில்லை.

"அதான் ஒய்.பி. அம்மன் முன்னாடி சொல்லிட்டாரேக்கா. ஒருத்தருக்கு ரெண்டு வீடு எதுக்கு? நம்மளவிட கஷ்டப்படறவங்க யாருக்காச்சும் கெடைக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். பெருமையாகவே சொன்னாள். கையில் தோட்ட நிர்வாகத்தின் நோட்டீஸ் இருந்தது. இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். இது இப்போது எங்கள் வீடு என்று ஒய்.பி. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று கேட்டு வந்திருந்தாள்.

நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றே ஒய்.பி. வந்ததும் அதை அவர் முன்னால் போட்டு, நடந்ததைச் சொன்னேன். முகம் செத்துப்போனது. அந்த அக்காவுக்கு வேறு வீடு கேட்டு உடனே எழுதிவிடலாம் என்றார். மற்றவர்களுக்கு, நில அலுவலகத்தில் தாமதமாகிறது என்று வாட்சப் குழுவில் போட்டுவிடலாம் என்றார்.

"ஒய்.பி., மைக்க எங்க புடிச்சீங்களோ அங்கயே போயி சொல்லுங்க. தலைவர் உங்களப் பத்தி கேட்டா, நீங்க அங்க என்ன சொல்றீங்கன்னு பாத்துட்டுத்தான் நான் வாயத் திறப்பேன்."

"சொன்னா சீட்டு போயிடும்லா, அக்கா?"

"போகலாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜைக்குப் போனோம். காரில் அவர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மேல்முறையீடு என்றார், நடைமுறை என்றார், தாமதம் என்றார். நான் ஜன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பூஜை முடிந்ததும் செருப்பில்லாமல், மைக் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவில் நின்றார். "திருவிழா அன்னிக்குக் காலையிலயே எனக்கு லெட்டர் வந்துடுச்சு. நிலம் குடுக்க முடியாதுன்னு. தெரிஞ்சுதான் சொன்னேன். கைதட்டறதக் கேட்டதும் வாயி என் பேச்சக் கேக்கல. தப்பு என்னோடது. மேல்முறையீடு போட்டிருக்கேன், ஆனா கெடைக்கும்னு இங்க நின்னு சொல்ல மாட்டேன்."

ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னாலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஒய்.பி. நகரவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை, கேட்டுக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பழைய இரண்டு ஒய்.பி.க்களும் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். தலைவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகூட மனதில் தயாராகிவிட்டது.

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஆபீஸ்ல லெட்டரப் பிரிக்கிறது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கும் அன்னிக்கே தெரியும்."

கோயிலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியும்மா" என்றேன்.

"திருவிழா அன்னிக்கு நான் உங்க பக்கத்து நாற்காலியிலதான்க்கா உக்காந்திருந்தேன்."

சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். வெட்கம் என்றால் என்ன என்று இந்த வயதில் எனக்குத் தெரிந்தது. அவள் காதருகே குனிந்து, எதற்கும் அவசரப்படாதே என்று நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல ஒய்.பி.யின் அனுமதி வேண்டியதில்லை. இத்தனை வருடமாக எல்லோருக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்த எனக்கு யாரும் மார்க் போட்டதில்லை.

சனிக்கிழமை காலை தலைவர் அழைத்தார். எதையும் மறைக்காமல் சொன்னேன். கடிதம், மேடை, கைவிட்டுப் போன வீடு, வெள்ளிக்கிழமை அவர் நின்ற விதம், நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம்.

"இதெல்லாம் அரசியல்ல சகஜம்லா, அக்கா. அந்தப் பொம்பளைக்கு வேற வீடு பாத்துக்கலாம். நீங்க முடிவச் சொல்லுங்க. ரெடியா, இல்லையா?"

"என்னக் கேக்காதீங்க. அவளக் கேளுங்க. நம்பர் தர்றேன்."

அவர் சிரித்தார். "அவளுக்கு என்னக்கா தெரியும்?"

"அவளுக்குத்தான் வீடு போச்சு."

சிரிப்பு நின்றது. நான் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும், மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.