கெட்டிப்போன மஸ்தீக்

கூரை ஒழுகாமல் அடைக்கும் தொழிலில் பாராட்டு என்பது, மழைக்கு மறுநாள் யாரும் நம்மைத் தேடி வராமல் இருப்பதுதான். பக்கத்தில் இன்னொருவன் அதே வேலையைச் செய்கிறான் என்றால், அவனை மட்டும் தேடி வந்து கை கொடுப்பார்கள். அப்படிப்பட்டவன் பக்கத்தில் நின்று ஒப்புக்குச் சிரித்துவைத்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில், உப்பளம் என்ற பேட்டையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருந்தேன். கூடவே சேர்ந்தவன் சவரி, குருசுக்குப்பத்துக்காரன். ஒரு நாள் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு சொல்தா, சின்ன லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் முதுகில் கட்டில், அடுப்பு, ஜன்னலோடு ஒரு தகர அறை வேண்டுமாம். மனைவியோடு அதிலேயே வேளாங்கண்ணி, கொடைக்கானல் என்று போவாராம். அவருடைய படைக் கூட்டாளிகள் இருவர் தங்களுக்கும் அதேபோல் கேட்டிருந்தார்கள். அறை எழும்பியதும் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "வலது பாதி உனக்கு, இடது பாதி சவரிக்கு. ஒழுகாம அடைக்கிறவன்தான் இனிமே வர்ற கூரைக்கெல்லாம் மேஸ்திரி."

துப்பாக்கி

தகட்டு இணைப்புகளை அடைக்கும் பசையைச் சொல்தாவே பிரான்சிலிருந்து கொண்டுவந்திருந்தார். மஸ்தீக் என்றார். பசை அடைத்த குழலைத் துப்பாக்கி போன்ற கருவியில் மாட்டி விசையை அழுத்தினால் முனையில் வர வேண்டும். கப்பலில் கிடந்து இறுகியிருந்தது. சவரி ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டான். நான் அவனுக்கு முன்னால் தோற்க விரும்பாமல் இரண்டு கையாலும் அழுத்தினேன். பின்பக்கமாகப் பிதுங்கிச் சட்டையெல்லாம் வெள்ளை. சொல்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ துப்பாக்கி புடிக்கிற அழகுக்கு, எங்க படையில உன்ன வெங்காயம் உரிக்கத்தான் அனுப்பியிருப்பாங்க."

ஷொஃபே

சாப்பிடக் கிளம்பும்போது அவர் என்னிடம், "ஷொஃபே, தம்பி. மஸ்தீக்க ஷொஃபே. அப்பத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்தது ஷொஃபேர். ஊரில் பழைய ஆட்கள் வண்டி ஓட்டுபவரை அப்படித்தான் சொல்வார்கள். மீதிக் குழல்களை அள்ளிக்கொண்டுபோய் எங்கள் லாரி ஓட்டுநர் கோதண்டத்திடம் கொடுத்தேன். "எனக்கு எதுக்குடா இது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அவர் அவற்றை இருக்கைக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் போட்டுக்கொண்டு, பலகை இறக்கப் பிள்ளைச்சாவடிக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மூடி கொதித்தது. குழல்களை எடுத்து வந்தவன் சவரி. மாட்டி அழுத்தினான். கேழ்வரகுக் கூழ் போல் இறங்கியது. அந்த நேரம் பார்த்துச் சொல்தா உள்ளே வந்தார். ஷொஃபே என்றால் சூடாக்குவதாம். சவரிதான் சூடாக்கியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். சவரி மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, பல்லைக் காட்டினான். அவர் அவன் முதுகைத் தட்டினார்.

"ஒரு வார்த்தை சொன்னா புரிஞ்சிக்கிற ஆளு நீ ஒருத்தன்தாம்பா இங்க."

விரல்

இளகிய மஸ்தீக்கை விரலால் நீவிவிட வேண்டும். சவரி படகுக்குத் தார் பூசிப் பழகியவன். விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒரே இழுப்பாக இழுப்பான். நானும் நனைத்தேன். அவனைவிடக் கூடுதலாகவே நனைத்தேன். மஸ்தீக் வழுக்கிக்கொண்டு விலகி, நெளிந்து, என் விரலோடேயே திரும்பி வந்தது. வழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். மாலையில் முதலாளி ஏணியில் ஏறி இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"அவன் போட்டது கோடு. நீ பூரான் வுட்டிருக்கிற."

மழை

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. லாரியை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு முதலாளி, சொல்தா, சவரி, நான் நான்கு பேரும் அந்த அறைக்குள் உட்கார்ந்தோம். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் இடது பாதியை மட்டும் பார்த்தேன். என் பக்கம் ஒழுகினால்கூடப் பரவாயில்லை, அவன் பக்கம் கொஞ்சம் முன்னாலேயே ஒழுக வேண்டும் என்று இருந்தது. சவரியின் கண்ணும் அவன் வேலைமேல் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஒரு சொட்டு விழுந்தது. நட்டநடுவில், சொல்தாவின் வழுக்கையில்.

மேலே ஏறிப் பார்த்தால், என் பூரான் முடியும் இடத்துக்கும் அவன் கோடு தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சாண் இணைப்பு அடைக்காமல் கிடந்தது. அவன் போடட்டும் என்று நான் விட்டிருந்தேன். நான் போடட்டும் என்று அவன் விட்டிருக்கிறான். மழை விட்டதும் முதலாளி தகட்டைத் துடைத்து, தாமே கட்டைவிரலால் மஸ்தீக்கை அப்பினார். அடுத்த மழையில் ஒழுக்கு நின்றுவிட்டது.

"முதலாளி கைன்னா கைதான்" என்று கொண்டாடினார் சொல்தா. "இனிமே கூரைய நானே பாத்துக்கறேன், முசே" என்றார் முதலாளி. லாரி வாசலைத் தாண்டி மேட்டில் ஏறியபோது கூரை எங்கள் பக்கம் சாய்ந்து தெரிந்தது. கூரை நடுவில் சாணி தட்டியதுபோல் இருந்த அந்த அப்பலைப் பார்த்துக்கொண்டே சவரி என் பக்கமாக நகர்ந்து வந்தான்.

"டேய், நாம போட்டிருந்தா இத வுட நல்லாவே போட்டிருப்போம்."

அதன்பிறகு அந்தப் பட்டறையில் நானும் மேஸ்திரி ஆகவில்லை, அவனும் ஆகவில்லை. வயிறெரிவதற்கு மட்டும் இருவருக்கும் சேர்த்து ஒரு முதலாளி போதுமானவராக இருந்தார்.